மாமி கண்ணைக் கட்டிக்கொண்ட மதியம்

எங்கள் மாமா வேகமாக நடக்கக்கூடியவர் என்பது எனக்குப் பத்து வயதில்தான் தெரிந்தது. அதுவரை நான் பார்த்த மாமா, யார் தோளையாவது பிடித்துக்கொண்டு, காலால் தரையைத் தடவித் தடவி நகர்கிறவர். சவூதியில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். ஒருநாள் காஸ் சிலிண்டர் முகத்துக்கு நேரே வெடித்தது. கண் இரண்டும் போய், ஒரு பெட்டியும் ஒரு கட்டு ஆஸ்பத்திரிக் காகிதமுமாக ஊர் வந்து சேர்ந்தார். அதே வருஷம் மலேசியாவிலிருந்து என் வாப்பாவின் போன் வருவது நின்றது. உம்மா என்னையும் தையல் மெஷினையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். மாமாவுக்கும் மாமிக்கும் பிள்ளை இல்லை. ஆக வீட்டில் நாலு பேர்.

நாகூரிலிருந்து உள்ளே தள்ளி, வெட்டாற்றுப் பக்கம் எங்கள் ஊர். கொல்லைக் கதவைத் திறந்தால் வாய்க்கால், அதற்கு அப்பால் வயல்.

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போவதைத் தவிர, மாமா இரண்டு வருஷம் வீட்டுக்குள்ளேயே இருந்தார். பிறகு, கண் ஆஸ்பத்திரியில் பழக்கமான ஒருவர் சொல்லி, வெளிமாநிலத்தில் கண் தெரியாதவர்களுக்கான ஏதோ ஒரு மையத்துக்குப் போய் ஒரு மாதம் தங்கினார். திரும்பி வரும்போது ஒரு நாயோடு வந்தார். வெளிர் மஞ்சள் நிறம், தொங்கும் காது, பெண் நாய். பெயர் ஜெனி. முதுகில் ஒரு தோல் பட்டை. அதிலிருந்து வளைந்து மேலே வரும் கைப்பிடியை மாமா இடது கையில் பிடித்திருந்தார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் தெரு வரை அவர் நடந்து வந்ததை ஊரே பார்த்தது. நானும் பார்த்தேன். மாட்டு வண்டி ஒன்று குறுக்கே நின்றது; இருவரும் சுற்றிக்கொண்டு வந்தார்கள். மீன்காரரின் தட்டு ரோட்டில் இருந்தது, அதையும் சுற்றினார்கள். மாமா தலையை நிமிர்த்தி, சட்டை காற்றில் அடித்துக்கொள்ள, பெரிய பெரிய எட்டாக வைத்து வந்தார். அவருக்கு ஈடு கொடுக்க நான் ஓட வேண்டியிருந்தது.

வாசலில் மாமி நின்றார். நாயைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

“இது எங்க படுக்கும்?” என்றார்.

“என் கட்டிலுக்குக் கீழ.”

“நல்லாருக்கு. அப்ப நான் எங்க படுக்குறதாம்?”

மறுநாள் மாமியே போய்ப் பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் கேட்டுவிட்டு வந்தார். தேவைக்காக நாய் வைத்துக்கொள்ளலாம், தடையில்லை. காய்ந்த உடம்பு பட்டால் ஒன்றுமில்லை. அதன் எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீர். அவ்வளவுதான் அவர் சொன்னது. மாமி அதைச் சட்டமாக்கிவிட்டார். கொல்லையில் ஒரு வாளி, ஒரு மண் சட்டி. வாய்க்கால் கரையிலிருந்து சுத்தமான மண் கொண்டுவருவது என் வேலை. நாயின் மூக்கு மாமாவின் கைலியில் உரசிவிட்டால் அந்தக் கைலி ஏழு தண்ணீர் பார்த்தே கொடியேறும். மாமி சத்தமாக எண்ணுவார். அந்த எண்ணிக்கையைக் கேட்டால் நாயைத் திட்டுவது போலவே இருக்கும்.

ஒரு மாதம் பார்ப்பது, மாமிக்கு ஒத்துவராவிட்டால் நாயைத் திருப்பி அனுப்பிவிடுவது என்று இருவருக்கும் பேச்சு. நாயைக் குட்டியிலிருந்து ஒரு வருஷம் வளர்த்து மையத்துக்குக் கொடுத்த ஒரு டீச்சரம்மா ஞாயிறுதோறும் போன் செய்து, “அது நல்லாருக்கா?” என்று மட்டும் கேட்பார். மாமிதான் எடுப்பார். “அதுக்கென்ன, எங்களவிட நல்லாருக்கு” என்று சொல்லி வைத்துவிடுவார்.

அந்த நாட்களில் மாமா எங்கெல்லாம் போனார்! இரண்டு வருஷமாகப் பார்க்காத கூட்டாளிகள் வீட்டுக்கெல்லாம் போனார். நாகப்பட்டினம் பேங்குக்குப் போனபோது என்னையும் அழைத்துப் போனார். பஸ்ஸில் கண்டக்டர் நாயைப் பார்த்துவிட்டு விசில் ஊதி நிறுத்தினார்.

“பாய், இதுக்கெல்லாம் டிக்கெட் கிடையாது. எறங்குங்க.”

மாமா சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் ஒட்டிய அட்டையை எடுத்து நீட்டினார். “கண்ணு தெரியாதவனுக்குத் துணைக்கு ஒரு ஆள் வரலாம்ல? இதுதான் என் துணை.”

“அப்ப இந்தப் பொம்பளப் புள்ள?”

“அதுக்கு அரை டிக்கெட் போடுங்க. அது சும்மா வேடிக்கை பாக்க வருது.”

பஸ்ஸே சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர், “யோவ், நாய்க்கு ஆதார் கார்டு கேளுய்யா” என்றார். கண்டக்டரும் சிரித்துவிட்டார். ஜெனி சீட்டுக்கு அடியில் சுருண்டு, மாமாவின் செருப்பின்மேல் தாடையை வைத்துக்கொண்டது. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பட்டை போட்டிருக்கும்போது அதைத் தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது, எதுவும் ஊட்டக் கூடாது. மாமா எனக்குச் சொன்ன கட்டளை இது ஒன்றுதான். நான் அதைத்தான் மீறினேன்.

தெருமுனையில் வாடா கடை. அரிசி மாவில் வெங்காயம் வைத்து, மேலே இறாலைப் பதித்துச் சுடுவார்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு நான் அங்கே நிற்கும் நேரத்தில் மாமாவும் நாயும் அந்த வழியாக வருவார்கள். மாமாவுக்குத்தான் கண் தெரியாதே என்று, ஓரமாக நின்று ஒரு துண்டை நாயின் வாய்க்கு நேரே நீட்டினேன். முதல் நாள் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் வாங்கிக்கொண்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு வாரம் போல இது நடந்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை எனக்கு வகுப்பு முடிய நேரமாகிவிட்டது. நான் கடையில் இல்லை. ஆனால் ஜெனி என்னைத் தேடி ரோட்டை விட்டுக் கடைப்பக்கம் ஒதுங்கியது. இடையில் சாக்கடை. மேலே பாவிய கல்லில் ஒன்று இல்லை. மாமாவின் வலது கால் முழங்கால் வரை உள்ளே போனது.

நான் வீட்டுக்கு வந்தபோது மாமி காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. நாய் மூலையில் தலையைத் தரையோடு வைத்துக் கிடந்தது.

“போதும்” என்றார் மாமி. “மாசம் முடியுற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? போனப் போட்டு வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.”

“அது அப்படிப் பண்ற நாய் இல்ல. என்னமோ நடந்திருக்கு.”

“என்ன நடந்துச்சுன்னு கால்லதான் எழுதியிருக்கே.”

மாமா கைலியை இழுத்துக் காயத்தை மூடினார். “வெள்ளிக்கிழமை வரைக்கும் விடு. வெள்ளிக்கிழமை நீ என்ன சொல்றியோ அதுதான்” என்றார். நாய் போய்விட்டால் தான் மறுபடியும் எப்படி இருப்போம் என்று அவர் சொல்லவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு எழுந்து உள்ளே போனார். அதைப் பார்த்தும் என் தப்பை நான் சொல்லவில்லை. உம்மாவின் கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதற்குப் பதிலாக, நாய் இருந்துவிட்டால் நாகூர் தர்காவுக்கு ஒரு பொட்டலம் சர்க்கரை கொண்டுவருவதாக நேர்ந்துகொண்டேன். வாடா காசைத் தவிர கையில் வேறு இல்லாததால் தேதி மட்டும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. அது பெரும்பாலான நாட்களில் பிடிக்காது. ஒன்பதாம் வகுப்போடு அந்தச் சங்கடம் முடிந்தது. அன்று மதியமே நழுவி வந்து, கொல்லையில் அடுக்கியிருந்த தென்னங்கீற்றுக்குப் பின்னால் உட்கார்ந்து வாடா தின்றுகொண்டிருந்தேன். மாமா உள்ளே தூங்கினார். உம்மா தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தார்.

மாமி கொல்லைக்கு வந்தார். நாயும் கூட வந்தது. அதன் முதுகில் பட்டை இருந்தது. அதைத் தொட்டுக்கூடப் பார்த்திராத மாமி அதைச் சரியாக மாட்டியிருந்தார்.

அன்னக்கூடையைக் கவிழ்த்து நடுவில் வைத்தார். சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினார். துணி காயப்போடும் மூங்கில் கழியை இரண்டு மரங்களுக்கு இடையில், தன் நெற்றி உயரத்துக்கு வைத்துக் கட்டினார். பிறகு மாமாவின் கைலி ஒன்றை மடித்துத் தன் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டார். இடது கையில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தார்.

கண்ணாமூச்சி ஆடுகிறார் என்று நினைத்தேன். பெரியவர்கள் யாரும் இல்லாதபோது பெரியவர்களும் விளையாடுவார்கள் போலும்.

“பார்வேடு” என்றார். முன்னால் போ என்பதற்கு மாமா சொல்லும் இங்கிலீஷ் வார்த்தை, மாமியின் வாயில் அப்படி வந்தது.

நாய் நடந்தது. கூடையைச் சுற்றியது, மாமியும் சுற்றினார். சைக்கிளைத் தாண்டி அகலமாக வளைந்தது, மாமியின் முந்தானை ஹாண்டில் பாரில் மாட்டாத அளவுக்கு. பிறகு மூங்கில் கழிக்கு முன்னால் நின்றுவிட்டது. அதன் தலைக்கு மேலே மூன்றடி காலி. அது குனியாமலே ஓடிப் போயிருக்கலாம். நின்றது. மாமி கையை நீட்டிக் காற்றில் துழாவினார். விரல்கள் நெற்றிக்கு நேரே கழியில் பட்டன. அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். வாயிலிருந்த வாடாவை நான் மெல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் எங்கெங்கோ போய்விட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனி, கொச்சியில் இறால் உரிக்கும் கொட்டகை, குவைத்தில் இரண்டு வீட்டில் வேலை. மேகத்துக்குள் போகும் கட்டிடமும் பார்த்தாயிற்று, பாலைவனத்தில் ஆலங்கட்டி மழையும் பார்த்தாயிற்று. தன் உடம்புக்கு வேண்டாத உயரத்தை இன்னொருவருக்காக அந்த நாய் அளந்து வைத்திருந்ததே, அதைப் போல ஒன்றை இன்னும் பார்க்கவில்லை.

மாமி கழிக்கு அடியில் குனிந்து, நாயை வாய்க்கால் பக்கம் திருப்பினார். மேட்டூர் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வந்து சேர்ந்திருந்த வாரம் அது. வாய்க்கால் கரைக்குச் சமமாகச் சுழித்து ஓடியது. படிகள் எல்லாம் தண்ணீருக்கடியில். மாமிக்கு நீந்தத் தெரியாது.

கரை விளிம்பில் நாய் நின்றது.

“பார்வேடு.”

நகரவில்லை.

“பார்வேடுன்னு சொல்றேன்ல? போ!”

நாய் திரும்பி, மாமியின் முழங்காலுக்குக் குறுக்கே தன் உடம்பை வைத்துக்கொண்டது. மாமி காலை உயர்த்தி முன்னால் வைக்கப் பார்த்தார். அது நாலு காலையும் ஊன்றி அவரைப் பின்னுக்குத் தள்ளியது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கீற்றைப் பிடித்துக்கொண்டேன்.

மாமி மூன்றாம் முறையும் சொன்னார், கிட்டத்தட்ட அழுகையாக. நாய் அசையவில்லை.

அவர் கண்கட்டை அவிழ்த்துக் கீழே பார்த்தார். கால் விரலுக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு சாண். அப்படியே தரையில் உட்கார்ந்தார். நாய் அவர் கன்னத்தை நக்கியது. அவர் முகத்தை நகர்த்திக்கொள்ளவில்லை.

“நீ ஜெயிச்சிட்டடி” என்றார் அதனிடம். “போ, நீயே ஜெயிச்சிட்ட.”

பிறகு, திரும்பிப் பார்க்காமலே, “கீத்துக்குப் பின்னால என்ன திங்கிற? வாடாவா?” என்றார்.

நான் எழுந்து வந்தேன்.

“நீ அதுக்கு ஊட்டுன கதையக் கடக்காரரு திங்கக்கிழமையே சொல்லிட்டாரு. மாமாகிட்ட நான் சொல்லல. இப்ப நீ பாத்ததையும் நீ சொல்லக் கூடாது. புரியுதா?”

“சரி மாமி.”

“இனிமே ஒரு பருக்கை குடுத்தேன்னு தெரிஞ்சுது, கைய முறிச்சி அடுப்புல வச்சிடுவேன். போ, மண்ணு எடுத்தா.”

ஏழு தடவை முகம் கழுவினார். அன்று அவர் எண்ணவில்லை, நான்தான் எண்ணினேன். தப்பு நாயினுடையது இல்லை என்று தெரிந்த பிறகும் மூன்று நாள் ஏன் அதை அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அடி விழாமல் தப்பித்தவளுக்கு அதெல்லாம் எதற்கு?

வெள்ளிக்கிழமை காலை மாமா பசியாறும்போது கேட்டார். குரல் சாதாரணமாக இருக்க வேண்டும் என்று பாடுபட்டார்.

“என்ன சொல்ற?”

மாமி இடியாப்பம் வைத்துக்கொண்டே, “இருக்கட்டும். அடுப்படிக்குள்ள மட்டும் வரக் கூடாது” என்றார்.

மாமா தட்டை நீட்டி இன்னும் ஒரு இடியாப்பம் கேட்டார்.

அன்று ஜும்மா தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன்பே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஜெனியோடு கிளம்பிவிட்டார். கால் இன்னும் நொண்டியது. ஆனாலும் வேகம்தான். அவர் உள்ளே தொழுது முடிக்கும்வரை அது வெளியே செருப்புப் பக்கத்தில் படுத்திருக்கும் என்று ஏற்பாடு.

அவர் தெரு திரும்பிய பிறகு மாமி உள்ளேயிருந்து வந்தார். குளித்து, பர்தா போட்டு, கையில் குடையோடு. மாமாவுக்குக் கண் போனதிலிருந்து, நாய் வந்த பிறகும்கூட, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாமிதான் அவரைப் பள்ளிவாசல் வாசல்வரை கூட்டிப்போய் விட்டு, தொழுகை முடியும்வரை எதிர்வீட்டு நிழலில் உட்கார்ந்திருந்து கூட்டி வருவார். ஒரே குடையில், மாமாவின் கை மாமியின் தோளில் இருக்க, மெதுவாக வருவார்கள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் மாமா லீவுக்கு வந்துபோன மாதங்களைத் தவிர அவர்கள் சேர்ந்து தெருவில் நடந்தது அந்த இரண்டு வருஷம்தான். இந்தக் கணக்கை நான் குவைத்தில், வேறொருவர் வீட்டு அடுப்படியில் நின்றபோதுதான் போட்டேன்.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமி போக இடமில்லாமல் உடுத்திக்கொண்டு நிற்கிறார் என்பதுதான்.

“எங்க மாமி கெளம்புனீங்க?”

அவர் குடையைப் பார்த்தார். “எங்கயும் இல்ல. சும்மா காத்து வாங்க.”

உச்சி வெயிலில் காற்று வாங்கக் குடையோடு! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளே ஓடி, மெஷினில் உட்கார்ந்திருந்த உம்மாவிடம் மாமி நின்றதை நடித்தே காட்டினேன். உம்மா சிரிக்கவில்லை. மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

“போ, போயி மாமி பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காரு” என்றார்.

எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. மாமியைத் தாண்டித் தெருவுக்கு ஓடினேன், நாய் இதற்குள் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று பார்க்க.