பூஜ்யம் காட்டிய வெயில்

ஒரு வாரமாக வீட்டுக்குள்ளும் தொப்பியோடுதான் நடமாடுகிறேன். ஸ்டைல் எல்லாம் இல்லை, வாசகர்களே... என் வழுக்கைத் தலை தோல் உரிந்துகொண்டிருக்கிறது!

போன ஞாயிறு எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் காம்பவுண்டில் ஏலம் நடக்கும். சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணிக்காய், வாழைத்தார், கேக், உயிரோடு ஒரு சேவல் — எல்லாவற்றையும் கூவி விற்பது வருஷா வருஷம் என் பொறுப்பு. பந்தலுக்குள் ஜனங்கள், வெளியே மேஜைக்குப் பின்னால் நான்.

ஜிலுஜிலுவென்று காற்று. பெங்களூரில் இதுதான் ஆபத்து. சென்னை வெயில் முதலிலேயே மிரட்டிவிடும், ஓடி ஒளிந்துகொள்ளலாம். இந்த ஊர் வெயில் விசிறிக்கொண்டே சுடும். சுட்டது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

எனக்கோ வெயில் ஆகாது. சில மாதங்களாகச் சாப்பிடும் மாத்திரை அப்படி. அதனால்தான் என் மகள் ஷீபா, குளிர் தேசத்து எடின்பரோவுக்கு வேலைக்குக் கிளம்பும் முன் என் போனில் ஓர் ஆப் போட்டுக் கொடுத்தாள். வெயிலில் புற ஊதாக் கதிர் எவ்வளவு என்று நம்பர் காட்டும். பச்சை என்றால் தைரியமாக வெளியே போகலாம். சிவப்பு என்றால் குடை, தொப்பி, சன் ஸ்க்ரீன்.

"டாடி, இதைப் பார்க்காம வெளிய போகக் கூடாது. ப்ராமிஸ்?"

ப்ராமிஸ் செய்தேன். ஏலத்துக்கு நடுவிலும் பார்த்தேன். பூஜ்யம்! பச்சைப் பசேல் என்று இருந்தது. சேவலை இன்னும் உற்சாகமாகக் கூவி விற்றேன்.

மறுநாள் தலை தீயாக எரிந்தது. ஸ்கின் டாக்டர் பார்த்துவிட்டு, "வெயில் பார்க்க ஆப் ஏதாவது யூஸ் பண்றீங்களா சார்?" என்றார். பெருமையாக போனை நீட்டினேன். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சார்... இது எடின்பரோ!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி கிரேஸ் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதற்கு எந்த சன் ஸ்க்ரீனும் உதவாது.

ஆம், நான்தான் ஊரை மாற்றி வைத்திருந்தேன். ஷீபா கிளம்பிய அந்த வாரத்திலேயே. போன் செய்தால், "டூட்டில இருக்கேன் டாடி" என்பாள். ஆப் அப்படிச் சொல்லாதே? எப்போது திறந்தாலும் அவள் ஊர் வானம். மேகமா, இருட்டிவிட்டதா, பிள்ளை கொஞ்சம் வெயிலைப் பார்த்தாளா... பூஜ்யம், பூஜ்யம் என்றே அது காட்டும். இங்கே மொட்டை மாடியில் வெயில் கொட்டிக் கிடக்கிறது. ஒரு கை அள்ளி கூரியரில் அனுப்ப வழியிருக்கிறதா?

வெளியே கிளம்பும்போது மட்டும் பெங்களூருக்கு மாற்றிக்கொள்வேன். அந்த ஞாயிறு மறந்துவிட்டேன். முந்தின நாள்தான் ஷீபா, "கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்கல டாடி" என்று சொல்லியிருந்தாள். காலையில் இருந்தே அவள் ஊரைத்தான் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோவில் வரும்போது கிரேஸ் பிடித்துக்கொண்டாள். "அவ அங்க இருக்கா, நீங்க இங்க இருக்கீங்க. வயசுக்கேத்த புத்தி வேணாமா? மாத்துங்க முதல்ல!"

மாற்றினேன். பெங்களூர், எட்டு. சிவப்பு. அவள் ஊர் திரையில் இருந்து போய்விட்டது. இன்னொரு தடவை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. கிரேஸிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் காபி கொண்டுவந்தாள். டம்ளரோடு தன் போனையும் மேஜையில் வைத்தாள்.

"அந்த ஆப்பை இதுலயும் போடுங்க."

"உனக்கு எதுக்கு? உன்னைத்தான் வெயில் ஒண்ணும் பண்ணாதே?"

"அதத்தான் சொல்றேன். உங்க போன்ல நம்ம ஊரே இருக்கட்டும். என் போன்ல..." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவ ஊரைப் போட்டுக் குடுங்க. நான்தான் மாத்திரை சாப்பிடலையே."

போட்டுக் கொடுத்தேன். மாத்திரை சாப்பிடாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்!