கூரைமேல் கல் வைக்கும் தெருவில் ஒரு சுழல்காற்று

சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஆம்பூருக்குச் சென்றுவந்தேன். என் அலுவலகத்தில் பல ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்த தனபால்தான் அழைத்தார். "சார், எங்க தங்கச்சி வீட்டாண்ட பேய்க்காத்து அடிச்சிடுச்சி. நீங்கதான் ஒரிசாலாம் போய்ப் பாத்தவரு. ஒரு நடை வந்து பாருங்க." சுழல்காற்று அடித்த இடங்களைப் பார்த்து எழுதுவது, வழக்கறிஞர் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பின் நான் ஏற்படுத்திக்கொண்ட பழக்கம். தமிழ்நாட்டுக்குள் அதற்காகப் பயணம் செய்வது இதுவே முதல்முறை.

சென்னை சென்ட்ரலிலிருந்து ஆம்பூர் சுமார் நூற்றெண்பது கிலோமீட்டர். காலை ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். இருக்கைக்கு நூற்றைந்து ரூபாய் கொடுத்தேன். நிலையத்திலிருந்து தனபாலின் தங்கை குடியிருக்கும் தெரு ஐந்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், காத்தப் பாக்கவா வந்தீங்க? இந்த ஊர்ல வெயிலு ஜாஸ்தி, காத்து கம்மி. கம்மியா இருந்தது ஒரே நாள்ல மொத்தமா வந்துடுச்சி." சிரித்தவர், தெரு திரும்பியதும் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

அந்தக் காற்றை நான் நேரில் பார்க்கவில்லை. எனவே பார்த்ததை மட்டும் சொல்கிறேன். ஊருக்கு வெளியே ஒரு நிலக்கடலைக் கொல்லையில், அகலம் குறைந்த ஒரு பட்டையில் மட்டும் செடிகள் பிடுங்கப்பட்டிருந்தன. இருபுறமும் பயிர் அப்படியே நின்றது. அதே பட்டை ஷூ கம்பெனித் தொழிலாளர்கள் குடியிருக்கும் தெருவுக்குள் நுழைந்த இடத்தில் தகரக் கூரைகள் இல்லை. வேப்பமரங்கள் வெவ்வேறு திசைகளில் சாய்ந்து கிடந்தன. நேராக அடித்த காற்றென்றால் பெரும்பாலும் ஒரே திசையில் விழுந்திருக்கும். ஆகவே அது சுழல்காற்றாக இருந்திருக்கக்கூடும். அதற்கு மேல் உறுதி கூற எனக்குத் தகுதியில்லை.

இத்தகைய காற்று எல்லா ஊருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. அமெரிக்காவின் நடுச் சமவெளியில் மிக அடிக்கடி வருகிறது. ஆனால் அங்கே பல வீடுகளுக்கு நிலவறை உண்டு, எச்சரிக்கைச் சங்கு உண்டு. வங்கதேசத்திலும், அதை ஒட்டிய நம் கிழக்கு மாநிலங்களிலும் அதைவிடக் குறைவு. இருந்தும், தகர வீடுகளில் மக்கள் நெருங்கி வாழ்வதால் ஒரே காற்று பல உயிர்களைக் கொண்டுபோய்விடுகிறது. தமிழ்நாட்டில் இன்னும் அரிது. அரிது என்பதாலேயே இங்கே யாரும் அதை நினைத்து வீடு கட்டுவதில்லை. கோடை மழைக்கு முன் ஆண்டுதோறும் அடிக்கும் காற்றில் தகரம் பறக்காமலிருக்க, மேலே கருங்கல்லை ஏற்றி வைக்கிறார்கள். அந்தக் காற்றுக்கு அது போதும். சுழல்காற்றிலோ தகரம் வெளியே போகிறது, கல் உள்ளே விழுகிறது.

தனபாலின் தங்கை கலைவாணியின் வீட்டில் அப்படி விழுந்த கல், எட்டு மாதப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்த தூளிக்கு ஒரு சாண் தள்ளி சிமென்டுத் தரையைப் பிளந்திருந்தது. கணவர் லாரியோடு வெளியூர் போயிருந்தார். தகரங்களைத் தேடியெடுத்து மறுபடியும் பரப்பியாகிவிட்டது, பிடிமானம்தான் இல்லை. நான் போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் தெற்கே வானம் கறுக்கத் தொடங்கியது. தனபால் கல்லோடு ஏணியருகே வந்தார். கலைவாணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏணியை மறித்து நின்றார்.

"ஒரு கல்லுகூட மேல ஏறக் கூடாது. சொல்லிட்டேன்."

"கல்லு இல்லன்னா தகரம் பறக்கும், கலை. எவன் கழுத்துலயாவது போய் வுழும். அப்ப இன்னா பண்ணுவ?"

"உன்னத் தூக்கி மேல ஒக்கார வெக்கிறேன். வேற எதுக்கு ஒதவுற நீ?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். கலைவாணி சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார். "சார், அது திரும்ப வருமா?"

"இதே இடத்துக்கு மறுபடி வருவது மிக மிக அரிதும்மா. ஆனால் வராது என்று நான் சொல்ல முடியாது."

"அப்ப வரும்ன்றீங்களா?"

"அப்படியும் சொல்லவில்லை."

"இன்னாண்ணா, உங்க சாரு கோர்ட்லயும் இப்டித்தான் பேசுவாரா? எப்டி ஜெயிச்சாரு?"

"பாதி கேசு வாய்தாவுலயே போச்சு" என்றார் தனபால்.

ஒடிசாக் கடற்கரையில் கூரைமீது கயிறு போட்டுத் தரையில் முளையடித்துக் கட்டியிருந்ததைச் சொன்னேன். இங்கே வீட்டின் இருபுறமும் சிமென்டுச் சந்து. முளையடிக்க ஒரு பிடி மண்ணில்லை. அண்ணன் அஞ்சியது ஆண்டுதோறும் வரும் காற்றுக்கு. தங்கை அஞ்சியது ஆயுளில் ஒருமுறை வரக்கூடியதற்கு. இருவரின் அச்சமும் நியாயமானதே. ஒன்றுக்குச் செய்யும் காவல் மற்றொன்றில் கொலையாகலாம்.

முதல் காற்றில் தகரம் ஓரம் தூக்கி அடித்தது. கலைவாணி ஏணியை விட்டு விலகினார். "கல்ல வை. ஆனா இவ இந்த வீட்டுக்குள்ள தூங்க மாட்டா."

தனபால் கற்களை மேலே ஏற்றி வைத்தார். தெருவில் ஒரே கான்கிரீட் வீடு எதிர்வரிசையில் இருந்தது. அது ஷமீம் என்ற அம்மையாருடையது. சாக்கடைத் தண்ணீர்த் தகராறில் இரு வீட்டுக்கும் ஓராண்டாகப் பேச்சில்லை என்று தனபால் என் காதில் சொன்னார். கலைவாணி போய்க் கதவைத் தட்டினார்.

"ஒரு வருசமா என் மூஞ்சிய பாக்கல. மானம் கறுத்தாதான் கண்ணு தெரியுதா உனக்கு?" என்றார் ஷமீம்.

"எனக்காக வர்லக்கா. இவளுக்காக."

"புள்ளயக் குடு. நீ அங்கியே நில்லு."

குழந்தையை வாங்கிக்கொண்டார். பிறகு அவரே கதவை விட்டு விலகி வழிவிட்டார். கலைவாணிக்குப் பின்னால் மற்ற வீட்டுக் குழந்தைகளும் ஓடிவந்தார்கள். நானும் உள்ளே போனேன். அன்று அடித்தது வழக்கமான கோடைக் காற்றுதான். அரை மணி நேரத்தில் ஓய்ந்தது. தகரமும் கல்லும் இருந்த இடத்தில் இருந்தன. மாலைப் பேருந்தில், ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூருக்குச் சென்று தங்கினேன்.

சித்திரை, வைகாசியில் இப்பகுதிக்கு வருபவர்கள் ஊர் சுற்றுவதைப் பிற்பகலுக்குள் முடித்துக்கொள்வது நல்லது. இடி கேட்டால் புளியமரத்தடியிலோ தகரக் கொட்டகையிலோ ஒதுங்க வேண்டாம். இப்பகுதியில் சுழல்காற்றைக் காணாமலே உங்கள் ஆயுள் கழியலாம். கழியும் என்று நான் உறுதி தரமாட்டேன். எங்கே தங்கினாலும், அந்தத் தெருவில் கான்கிரீட் கூரை எந்த வீட்டுக்கு இருக்கிறது என்று பார்த்துவையுங்கள். இங்கேயே குடியிருப்பவரானால், அந்த வீட்டாரோடு பேச்சு நின்றுபோயிருந்தால், வானம் தெளிவாக இருக்கும்போதே போய்ப் பேசிவிடுங்கள்.