அம்மா வைத்த பரஸ்தானம்

அம்மா நம்மை விட்டுப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அம்மாவோடு வேலை செய்தவர்களுக்கும், தெருக்காரர்களுக்கும் மகளின் வணக்கம்.

கட்டுரையை எப்படித் தொடங்குவது என்று மாமாவிடம் கேட்டேன். "பொறுமையின் சிகரம்னு ஆரம்பி. எல்லா மலர்லயும் அப்படித்தான் போடறாங்க" என்றார். அம்மாவின் ஒரே தம்பி அவர். அக்காவிடம் அவர் வாங்கிய திட்டு ஆம்பூருக்கே தெரியும். அவர் வாயிலிருந்து இப்படி வருகிறதே என்று சிரித்துவிட்டேன். அம்மாவுக்குப் பொறுமை கிடையாது. கோபம் உண்டு, பிடிவாதம் உண்டு, எதையும் நாள் பார்த்துச் செய்கிற வழக்கம் உண்டு. இவை எல்லாம் சேர்ந்துதான் என்னை ஜெர்மனிக்கு அனுப்பின. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், இவையே என்னை அனுப்பாமல் நிறுத்தவும் பார்த்தன.

அம்மா பிறந்தது விரிஞ்சிபுரத்தில். தாத்தாவுக்குச் சொந்த நிலம் இல்லை. பாலாற்றங்கரையில் மற்றவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். பத்தாம் வகுப்பு முடித்ததும் அம்மாவை ஆம்பூரில் கட்டிக்கொடுத்தார்கள். அப்பாவுக்குத் தோல் பதனிடும் டேனரியில் வேலை. நான் எட்டாவது படிக்கும்போது அப்பா மாரடைப்பில் இறந்துபோனார். காரியம் முடிந்த கையோடு அம்மா ஒரு ஷூ கம்பெனி வாசலில் போய் நின்றார். தையல் பிரிவில் ஒரு மெஷின் கொடுத்தார்கள். பக்கத்து மெஷினில் இருந்தவர் நஸ்ரீன் ஆன்ட்டி. எங்களுக்கு அடுத்த வீடு காலியானபோது அம்மாதான் வீட்டுக்காரரிடம் பேசி அவரைக் குடிவர வைத்தார். இருவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருவார்கள். சண்டை போட்ட நாளில் மட்டும் தனித்தனி சீட்.

அவர்கள் தைத்த தோல் ஷூவாகி, பெட்டிக்குள் அடங்கி, ஜெர்மனிக்குக் கப்பலேறும். அந்த நாட்டைப் பற்றி அம்மாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தையல் ஒரு நூல் விலகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் மரியாதையும் இருந்தது. நான் வேலூரில் நர்சிங் முடித்து, வேலை பார்த்துக்கொண்டே சத்துவாச்சாரியில் ஜெர்மன் மொழி வகுப்புக்குப் போனேன். அப்போது உறவில் பலர் முகம் சுளித்தார்கள். கல்யாண வயதில் பெண்ணைத் தனியாக அனுப்புவதா என்றார்கள். அம்மா ஒரே வாக்கியத்தில் எல்லார் வாயையும் அடைத்தார்.

"நான் தைச்ச ஷூ போவுது. நான் பெத்த பொண்ணு போவக் கூடாதா?"

வேலை கிடைத்தது. ஆனால் விசா தாமதமாகி, நான் சேர வேண்டிய நாளை அந்த மருத்துவமனை ஒருமுறை தள்ளிவைத்தது. இரண்டாவது முறை தள்ளிவைக்க மாட்டோம், வராவிட்டால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். கடைசி நேரத்தில் விசா வந்து, கிடைத்த டிக்கெட்டைப் போட்டேன். அது ஞாயிற்றுக்கிழமை.

அம்மா காலண்டரைப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழம மேற்க சூலம்டீ" என்றார். சூலம் இருக்கும் திசையில் அன்று பயணம் கூடாது என்பது அவர் கணக்கு.

"நான் முதல்ல சென்னைக்குத்தானேம்மா போறேன்? அது கிழக்கால இருக்குது."

"நீ சென்னைக்கா போற? ஜெர்மனிக்குப் போற. வாய மூடு."

இதற்கெல்லாம் அம்மாவிடம் ஒரு மாற்று எப்போதும் உண்டு. பரஸ்தானம். பயண நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வரும் நல்ல நாளில், போகிறவருடைய பொருள் ஒன்றைக் கொண்டுபோய் வேறொரு வீட்டில் வைத்துவிடுவது. அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு கிளம்பும் நாளில் அந்தப் பொருளைப் போகிற வழியில் வாங்கிக்கொள்ள வேண்டும். அது வீட்டுக்குள் திரும்பி வரக் கூடாது. வியாழக்கிழமை காலை அம்மா ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு நஸ்ரீன் ஆன்ட்டி வீட்டுக்குப் போனதைப் பார்த்தேன். ஒரு சுரிதார் வைத்திருப்பார் என்று நினைத்தேன். நஸ்ரீன் ஆன்ட்டிக்கு இந்த வழக்கம் இல்லை. ஆனாலும் "அக்கா சொன்னா சரி" என்று பீரோவில் வைத்துப் பூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்து, கைப்பையைக் கடைசியாக ஒருமுறை சரிபார்த்தேன். பாஸ்போர்ட் இல்லை.

பெட்டியைக் கவிழ்த்தேன். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். வழியனுப்ப வந்திருந்த மாமா தலையணை உறையைக்கூடக் கழற்றினார். சமையற்கட்டில் தயிர்ச்சாதம் கட்டிக்கொண்டிருந்த அம்மா, என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார்.

"பாஸ்போர்ட்டா? அது நஸ்ரீன் வீட்ல இருக்குது."

"அங்க எப்டிம்மா போச்சு?"

"பரஸ்தானம் வச்சேன்ல? நீ விட்டுட்டுப் போவ முடியாத பொருளா வச்சாத்தானே அது பயணம். துணிய வச்சா, துணிதானே போவும்?"

இப்போது எழுதும்போது இந்தத் தர்க்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. அன்று அடுத்த வீட்டுக்கு ஓடினேன். நஸ்ரீன் ஆன்ட்டி வீடு பூட்டியிருந்தது. வாணியம்பாடியில் அவர் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். சாப்பாடு முடிந்ததும் நான் கிளம்புவதற்குள் திரும்பிவிடுவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். ஆனால் எங்கள் கார் டிரைவர் முன்கூட்டியே வந்து நின்றார். ஹைவேயில் வேலை நடக்கிறது, வழியெல்லாம் வண்டி நிற்கிறது, இப்போதே கிளம்பினால்தான் விமானத்தைப் பிடிக்கலாம் என்றார். நஸ்ரீன் ஆன்ட்டிக்குப் போன் அடித்தோம். அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

மாமா எங்கிருந்தோ ஒரு சுத்தியலைக் கொண்டுவந்தார். "பூட்ட ஒடைச்சிடறேன். புதுசு வாங்கிக் குடுத்துக்கலாம்."

அம்மா வேகமாகப் போய் அந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். "அவ ஊர்ல இல்லாத நேரத்துல அவ வீட்டுப் பூட்ட ஒடைப்பியா? அவ பீரோவயும் ஒடைப்பியா? என்னத் தாண்டிப் போ பாக்கலாம்."

மாமாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தெருவே கேட்கும்படி கத்தினார். "இன்னாக்கா பண்ணி வச்சிருக்க நீ? பொண்ணு போவக் கூடாதுன்னு நெனச்சா நேரா சொல்லு. எதுக்கு இந்த வேல?"

தெருவில் எல்லோரும் வெளியே வந்து நின்றிருந்தார்கள். அம்மாவின் முகம் வெளுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன். எழுந்தார். செருப்புகூடப் போடாமல் போய்க் காரில் ஏறினார்.

"வண்டிய வாணியம்பாடிக்கு விடுப்பா" என்றார் டிரைவரிடம். "நீயும் ஏறுடீ. மூட்டைய எல்லாம் ஏத்து."

வாணியம்பாடி எங்களுக்கு மேற்கே. ஞாயிற்றுக்கிழமை, மேற்கே சூலம். எந்தத் திசையைத் தவிர்க்க இத்தனை ஏற்பாடும் செய்தாரோ அதே திசையில், சென்னைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து போனார். அவரே சொன்னார்: "தெரியும். மேற்குதான். ஒண்ணும் சொல்லாத." கொஞ்ச தூரம் போனதும், திரும்பாமலே, "போவக் கூடாதுன்னு வைக்கலடீ. போவணும்னுதான் வச்சேன்" என்றார். எனக்கு அது முன்பே தெரியும். பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். மாமா என் பக்கத்தில் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

ஷாதி மஹாலில் பெண்கள் பக்கம் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஜரிகையும் அத்தர் வாசனையுமாக இருந்த அந்தக் கூட்டத்துக்குள், வெறுங்காலோடு, மஞ்சள் கறை படிந்த வீட்டுப் புடவையோடு அம்மா நுழைந்தார். மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல் அவருக்கு. "நஸ்ரீன்!" என்றார். அந்த மஹாலே திரும்பியது. தட்டில் பிரியாணி அப்போதுதான் விழுந்திருந்தது. நஸ்ரீன் ஆன்ட்டி ஒரு பார்வையில் விஷயத்தைப் புரிந்துகொண்டு, கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

"சாவிய மட்டும் குடு, நாங்க போய் எடுத்துக்கறோம்" என்றார் அம்மா.

"அதெப்டிக்கா? நீங்க வச்சது என் கையில. எடுத்துக் குடுக்கறதும் என் கைதான். நடங்க."

அவரையும் ஏற்றிக்கொண்டு ஆம்பூருக்குத் திரும்பினோம். ஹைவேயில் வேலை நடந்த இடத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். என் மடியில் இருந்த தயிர்ச்சாதம் சூட்டில் புளித்த வாசனை வந்தது. அந்த வேலை போய்விட்டால் மறுபடி விண்ணப்பம், மறுபடி காத்திருப்பு, மறுபடி உறவினர் பேச்சு. எல்லாவற்றையும்விட, அம்மா தன்னால்தான் கெட்டது என்று சாகும்வரை நினைப்பார். அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

நஸ்ரீன் ஆன்ட்டி பூட்டைத் திறந்து, மஞ்சள் பையை இரண்டு கைகளாலும் கொண்டுவந்து வாசலில் வைத்தே என்னிடம் கொடுத்தார். "அல்லா கூட இருப்பான். போய் வா பேட்டி" என்றார். அவர் மொழியில் பேட்டி என்றால் மகள். என் போன் சார்ஜர் எங்கள் வீட்டு ஹாலில் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து வருகிறேன் என்று ஓரடி வைத்தேன். அம்மா குறுக்கே வந்து நின்றார்.

"பையோட உள்ள போவாத. அப்டியே ஏறு. சார்ஜர் ஜெர்மனில கெடைக்காதா?"

சாமி படத்தைக் கும்பிடவில்லை. அம்மாவைக் கட்டிப்பிடித்து அழவும் நேரமில்லை. காரில் தள்ளிக் கதவைச் சாத்தினார். விமான நிலையத்தில் கவுன்டரை மூடப்போகும் நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். அதற்குப் பிறகு எந்த விடுமுறைக்கு வந்து திரும்பினாலும் பாஸ்போர்ட்டை என் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு தூங்குவேன். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு அங்கே வேலை நிலைத்தது. காட்பாடிக்காரர் ஒருவரோடு கல்யாணம் நடந்தது. அவருக்கும் ஜெர்மனியில் நான் இருக்கும் ஊரிலேயே வேலை. நான் கர்ப்பமானதும் அம்மா கம்பெனி வேலையை விட்டுவிட்டு, என்னிடம் வருவதாகச் சொன்னார். விசாவும் வந்தது. டிக்கெட் எடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அன்றும் மேற்கே சூலம். எனக்குச் சிரிப்பு வந்தது. வியாழக்கிழமை போனில் கூப்பிட்டு, "பரஸ்தானம் வச்சிட்டேன்டீ. பயப்படாத, பாஸ்போர்ட் என்னாண்டதான் இருக்குது" என்றார். பிள்ளைக்குத் தூளி கட்ட நைந்த புடவை ஒன்று, வசம்பு, தனக்கு ஒரு ஸ்வெட்டர், இவ்வளவும் நஸ்ரீன் ஆன்ட்டியிடம் கொடுத்த மஞ்சள் பையில் என்றார். "வீட்ல கொக்கி இருக்குதா பாரு" என்றார். என் கணவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். கொக்கி இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. மாமாவும் நஸ்ரீன் ஆன்ட்டியும் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு எட்டாவது மாதம். என்னை விமானத்தில் ஏற்ற முடியாது என்றார்கள். நான் வேலை செய்யும் மருத்துவமனையில் எத்தனையோ பேருடைய அம்மாக்களின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். என் அம்மாவின் கையை நஸ்ரீன் ஆன்ட்டிதான் பிடித்துக்கொண்டிருந்தார். ஐசியூ வாசலிலிருந்து மாமா ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் போனை எடுக்க எனக்குப் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிட்டு, பேசாமல் அழுதார். பாலாற்றங்கரையில் அம்மாவுக்கு அவரே கொள்ளி வைத்தார். நான் அதைப் போனில் பார்த்தேன். அந்த வேதனை இன்னும் ஆறவில்லை. ஆறும் என்று சொல்கிறவர்களை நம்புவதும் இல்லை.

அடுத்த மாதம் பெண் குழந்தை பிறந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு போன வாரம் ஆம்பூர் வந்தேன்.

வந்ததும் ஒரு வழக்கு காத்திருந்தது. அம்மாவின் மஞ்சள் பை இன்னும் நஸ்ரீன் ஆன்ட்டி பீரோவில்தான் இருக்கிறது. அந்தப் புடவையைப் படையலில் வைக்க வேண்டும் என்று மாமா கேட்கிறார். ஆன்ட்டி கொடுக்க மறுக்கிறார்.

"பரஸ்தானத்துக்குக் கெடு மூணு நாள்தான்மா. அது எப்பவோ முடிஞ்சு போச்சு" என்றார் மாமா.

"கெடு எல்லாம் எனக்குத் தெரியாது" என்றார் ஆன்ட்டி. "ஆம்புலன்ஸ்ல அக்கா என்கிட்ட சொன்னாங்க. 'பை உன்னாண்டயே இருக்கட்டும் நஸ்ரீன், வீட்டுக்குத் திருப்பிடாத'ன்னாங்க. நான் திருப்ப மாட்டேன்."

மாமா என்னைப் பார்த்தார். படையலுக்கு அம்மாவின் வேறு புடவை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார்.

அம்மாவைக் காப்பாற்றப் போராடிய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த தெருவினருக்கும், அன்று லீவு போட்டு வந்து நின்ற தையல் பிரிவுத் தோழிகளுக்கும், மகன் இருந்து செய்ய வேண்டியதையெல்லாம் செய்த மாமாவுக்கும் என் நன்றி. நஸ்ரீன் ஆன்ட்டிக்கு நன்றி சொன்னால் திட்டுவார். அதனால் சொல்லவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குத் திரும்ப டிக்கெட். யாரும் நாள் பார்த்துப் போடவில்லை, அப்படி அமைந்துவிட்டது. வீட்டைப் பூட்டிக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்பேன். ஆன்ட்டி தன் கையால் பையை எடுத்துக் கொடுப்பார். வாங்கியபின் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் அப்படியே காரில் ஏறுவேன். அங்கே என் கணவர் கூரையில் கொக்கி அடித்து வைத்திருக்கிறார்.

அம்மா ஜெர்மனிக்குக் கிளம்பி ஓராண்டு ஆகிறது. இந்த வாரம் வந்து சேர்ந்துவிடுவார்.