சிவப்பு ரிப்பன் கட்டிய ஆறு செடிகள்

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். அதனால் மகளின் பள்ளிக்கூட விஷயம் எதையும் துருவிக் கேட்பதில்லை. கேட்டுப் புரியாமல் போனால் அவள் முன்னால் என்ன செய்வது என்ற கூச்சம். அவள் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிவிடுவேன்.

அவள் ஒன்பதாவது படிக்கும்போது, ஒவ்வொரு பிள்ளையும் தானே ஒரு கேள்வி கண்டுபிடித்துத் தானே விடை தேட வேண்டும் என்று அறிவியல் டீச்சர் சொல்லியிருந்தார். புத்தகத்தைப் பார்த்து எழுதக் கூடாது. நல்லதாகத் தேறுவதைச் சேலத்தில் நடக்கும் போட்டிக்கு அனுப்புவார்கள். அன்று ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து மகள் பஸ்ஸில் வந்து இறங்கியதும் நேராக வீட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் காப்பிச் செடிகளுக்குள்தான் போனாள். போரர் வண்டு நிழலில் நிற்கும் செடிக்கு அதிகம் வருமா, வெயிலில் நிற்கும் செடிக்கா? இதுதான் அவள் கேள்வி.

போரர் எள்ளைவிடச் சின்ன கறுப்பு வண்டு. காப்பிக் காயின் நுனியில் குண்டூசி குத்தியதுபோல ஓட்டை போட்டு, உள்ளே போய் விதையைத் தின்னும். அங்கேயே குஞ்சும் பொரிக்கும். பலா மரத்தடியில் மூன்று செடி, வேலியோரம் வெயிலில் மூன்று செடி என்று ஆறு செடிகளில் மகள் தன் சிவப்பு ரிப்பனை வெட்டிக் கட்டினாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓட்டைக்காய்களை எண்ணி நோட்டில் எழுதினாள். எண்ணினாளே தவிர, ஒன்றையும் பறிக்கவில்லை.

"அப்பா, இந்த ஆறு செடியையும் நீங்க தொட்டுராதீங்க."

"செரி சாமி," என்று தலையாட்டினேன். ஏன் என்று கேட்கவில்லை.

எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. இருபது வருஷமாக எஸ்டேட் வேலைக்கும் போகிறவன் நான். ஒரு ஓட்டைக்காயைச் செடியில் விட்டுவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தால் எங்களை மேய்க்கும் எஸ்டேட் ரைட்டர் எல்லார் முன்னாலும் கூப்பிட்டு அதைக் காட்டுவார். கையில் பட்டதும் பறித்துக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு வண்டைக் கொல்ல வேண்டும். எங்கள் ஊர் கொட்டச்சேட்டில் ஒருவன் தோட்டத்தில் ஓட்டைக்காய் தொங்கினால், அவன் சோம்பேறி என்று அர்த்தம்.

ஏழு வாரம் ஆயிற்று. எட்டாவது வாரம் சனிக்கிழமை டீச்சரே செடிகளைப் பார்க்க வருகிறார் என்று மகள் சொன்னாள். வீட்டுக்காரி வாசல் முழுக்கச் சாணி தெளித்தாள்.

"ஏனுங்க, சட்டையத் தேடிக்கிட்டு நிக்காதீங்க. டீச்சர் உங்க மூஞ்சியையா பாக்க வர்றாங்க? செடியப் பாக்க வர்றாங்க!"

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் அது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. படித்த அம்மா வந்து நின்று, இவ்வளவு ஓட்டைக்காயோடு ஒருவன் தோட்டம் வைத்திருக்கிறானே என்று நினைப்பாரே. வெள்ளிக்கிழமை மகள் பள்ளிக்கூடம் போன பிறகு ஆறு செடிகளிலும் இருந்த ஓட்டைக்காய்களைத் துடைத்தாற்போலப் பறித்தேன். எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொதிக்கவைத்து எருக்குழியில் கொட்டினேன். மனசு லேசானது.

மறுநாள் டீச்சர் பலா மரத்தடியில் குனிந்து கிளை கிளையாகப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார்.

"போன வாரம் இந்தச் செடியில இருபத்தேழுன்னு எழுதியிருக்கயே, எங்க கண்ணு ஒண்ணையும் காணோம்?"

மகள் கிளைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "இருந்துச்சுங்க டீச்சர்."

"ஒரு வாரத்துல ஓட்டை தானா அடைச்சுக்குமா? ஊட்ல உக்காந்து எழுதுனதா இது? உண்மையச் சொல்லு, திட்டமாட்டேன்."

"எண்ணித்தானுங்க எழுதுனேன்."

நான் கையில் காப்பி டம்ளரோடு பக்கத்தில் நின்றிருந்தேன். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை, "காப்பி ஆறிப்போயிருமுங்க டீச்சர்" என்பதுதான்.

டீச்சர் நோட்டில் சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வழக்கம்போல எண்ணப் போனாள். ஆறு பூஜ்யம் எழுதிவிட்டுத் திரும்பும்போது எருக்குழியைப் பார்த்துவிட்டாள். வெந்து பழுப்பு நிறமாகிப்போன காய்களை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இதுல எது எந்தச் செடிதுங்கப்பா?"

"எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுட்டேன் கண்ணு."

"தொடாதீங்கன்னு சொன்னேனே."

"நல்ல காயத்தான் சொன்னயின்னு நெனச்சேன்."

அது பாதிப் பொய். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"பறிச்சது போவுது. டீச்சர் என்னையக் கேக்கறப்ப நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

டீச்சரிடம் நானே வந்து சொல்கிறேன் என்றேன். புதன்கிழமை ஏற்காட்டுக்குப் போகவும் செய்தேன். பள்ளிக்கூட கேட்டில், என்ன வேணும் என்று வாட்ச்மேன் கேட்டார். "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். மகள் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

பிள்ளைகள் தங்கள் ஆராய்ச்சியை எடுத்துச் சொல்லும் நாளில் பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மகள் தாளைப் பார்த்து வாசித்தாள். ஏழு வாரமும் நிழல் செடியில்தான் ஓட்டைக்காய் அதிகம். பிறகு, "எட்டாவது வாரம் கணக்கில் இல்லை. தோட்டக்காரர் ஓட்டைக்காய்களைப் பறித்துவிட்டார்" என்றாள்.

"யாரும்மா அந்தத் தோட்டக்காரர்?" என்றார் டீச்சர். "இதுவும் நீயா எழுதிக்கிட்டதா?"

மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா என்ற ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் தப்பித்துவிடலாம். சொல்லவில்லை.

எழுந்தேன்.

"நாந்தானுங்க டீச்சர். நீங்க வர்றீங்களேன்னு, ஓட்டைக்காய் தொங்குனாக் கேவலமுன்னு, முந்தின நாளே பறிச்சுப்போட்டேனுங்க. புள்ளை எழுதுனது அத்தனையும் நெசமுங்க."

"விருந்தாளி வர்றாங்கன்னு ஊட்டக் கூட்டுவாங்க, இவரு செடியக் கூட்டியிருக்காரு!" என்று முன்வரிசையில் ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே."

"ஆமாங்க," என்றேன். அவர் மகளின் நோட்டை வாங்கி, தான் போட்ட கேள்விக்குறியைத் தானே அடித்தார். ஆனால் கடைசி வாரக் கணக்கு இல்லாததால் அது சேலத்துக்குப் போகவில்லை.

இந்த வருஷம் மகள் பத்தாவது. அதே ஆறு செடிகளில் மறுபடி ரிப்பன் கட்டியிருக்கிறாள். தொடாதீங்க என்று என்னிடம் சொல்லவில்லை. அதற்குப் பதில் ஒவ்வொரு செடியிலும் ஓர் அட்டை தொங்குகிறது. "தோட்டக்காரர் கவனத்துக்கு: பறிக்க வேண்டாம்" என்று பெரிய எழுத்தில், நான் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கும்படி எழுதியிருக்கிறாள்.

அந்தப் பக்கம் போகும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். கண்ணுக்கு நேராக ஓட்டைக்காய்கள் தொங்குகின்றன. பார்த்துக்கொண்டே போகிறேன்.