ராஜகிரியில் ஏறிய மஞ்சள் கொடி

செஞ்சிக்குப் போக வேண்டும் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், 1964 சித்திரையில்தான் போனேன். கோட்டை பார்க்க அல்ல. பக்கத்துச் சிங்கவரத்தில் ஒருவரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது.

திண்டிவனத்தில் காலை ஐந்தரை பஸ். பதினேழு மைல், எழுபது பைசா, ஒரு மணி நேரம். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டைக்கு ஒன்றேகால் மைல், நடந்தே போகலாம். வாசலில் இப்போது பளிங்குப் பலகை வைத்திருக்கிறார்கள். இங்கே ரகசியமாகச் செய்த சூரிய ஆடியின், அதாவது வெயிலைக் குவிக்கும் பெரிய கண்ணாடியின், கதிர்தான் 1944இல் எதிரிக் கப்பல்களை எரித்து யுத்தத்தை முடித்ததாம். அதற்குக் கீழே, இங்கே வேலை செய்தவர்களின் பெயர்கள். ஒன்பதாவது நான், ஸ்டோர் கிளார்க்.

ஆடியைச் சோதிக்கும் நாளில் ராஜகிரி மலைமேல் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும். அதைப் பார்த்துக் காவலாட்கள் வழியை அடைப்பார்கள். ரகசியம் என்பதால் ஊரில் தண்டோரா கிடையாது. துணிக்கு ரேஷன் இருந்த காலம். கடைத்தெருவில் சிவப்புத் துணி கிடைக்கவில்லை. பெரிய கெட்டிக்காரனாக மஞ்சள் துணி வாங்கிக் கொடுத்தேன். அந்த மலையில் கமலக்கண்ணி அம்மன் இருக்கிறாள், சித்திரையில் மஞ்சள் கொடி ஏறினால் ஊருக்கே திருவிழா அழைப்பு என்பதெல்லாம் என் மதராஸ் மண்டைக்கு எட்டவில்லை.

காவலாட்கள் வழியை அடைத்துத்தான் இருந்தார்கள்; அவர்கள் அறியாத குறுக்குப் பாதையில், பொங்கல் பானையோடு முதலில் ஏறி வந்தவர் வள்ளியம்மாள். அப்போது இருபது வயதிருக்கும். கதிர் அவர் கண்களைப் பொசுக்கிவிட்டது.

சிங்கவரத்துக்கு வாடகை சைக்கிள், மணிக்குப் பதினைந்து பைசா. வள்ளியம்மாள் வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தார். பழைய கோட்டை ஆள் என்று மட்டும் சொல்லி, "மலைக்குப் போறதில்லையாம்மா?" என்று சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"எப்பிடிங்க போவேன்? அன்னிக்குக் கொடியப் பாத்த ஆசையில விரதம் இல்லாம, கூழு குடிச்ச வாயோட ஏறிட்டேன். அம்மா கண்ணப் புடுங்கிக்கினா. இன்னா மூஞ்ச வெச்சிக்கினு அவ எதிர்ல நிப்பேன்?"

அது அம்மன் கொடி அல்ல, நான் வாங்கிய துணி, கண்ணைப் பொசுக்கியது ஆடியின் கதிர் என்று சொன்னேன். ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருந்தேன் என்றும் சொன்னேன். அது சாக்கு. பலகை வைத்தே மூன்று வருஷம் ஆகிறது. பயந்துதான் வராமல் இருந்தேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்போ அவ எம்மேல கோச்சிக்கவே இல்லியா?" என்றார். பிறகு, "இருவது வருசமா அந்தப் பக்கம் திரும்பிக்கூட நான் கும்பிடலீங்களே" என்று அழுதார்.

மறுநாள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு மலை ஏறினார். கூட வரட்டுமா என்று கேட்டேன். "வேணாங்க" என்றார்.

போகிறவர்கள் காலை ஏழுக்குள் ஏறத் தொடங்குங்கள். உச்சிக்கு ஒன்றரை மணி நேரம். தண்ணீர் அவசியம். வாசலில் அந்தப் பலகையையும் படியுங்கள். ஒன்பதாவது பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்.