அக்கா சொன்ன முடிவு

நேற்று மகள் கொசுவத்தி ஏற்றிவிட்டு, போனில் ஏதோ பழைய ஆங்கிலப் பேய்த் தொடரைப் போட்டாள். அந்த வாடைக்கு, யோங் பெங் பக்கம் சின்ன வயதில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்து லயத்து வீடு அப்படியே எழுந்து வந்தது. இப்போது அங்கே வெறும் செம்பனை மரங்கள்தான். அன்று தகரக் கூரையில் மழை இரைய, புள்ளி புள்ளியாய்த் தெரியும் டிவியில் இதே தொடர் ஓடும். கதை முடியப்போகிற நேரம் பார்த்து, கொசுவத்தி வாடையடிக்கும் உள்ளங்கையால் அக்கா என் கண்ணைப் பொத்திக்கொண்டு, "ஒண்ணுமில்லலா தம்பி, அந்தப் பையன் வீட்டுக்குப் போயிட்டான்" என்பாள். வாராவாரம் எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போனார்கள்.

நேற்றுதான் முடிவுகளைப் பார்த்தேன். தப்பித்தான் என்று நாம் மூச்சுவிடும்போது, வீட்டுக் கதவைத் திறப்பதே அந்தப் பேய்தான். ஒரு பிள்ளைகூட வீடு சேரவில்லை.

இன்று, அக்காவைச் சேர்த்திருக்கும் ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, இனி செய்ய ஒன்றுமில்லை என்றார். உள்ளே போனதும் அக்கா கேட்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு தம்பி?"

"வீட்டுக்குப் போலாமாம், அக்கா."

அவள் என் கையை இழுத்துத் தன் கண்மேல் வைத்துக்கொண்டாள்.