பொலிஸே, வெளியே போ

எழுபத்தேழாம் ஆண்டு நாங்கள் சிட்னி ரெட்ஃபேர்னில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்து வீட்டில் இந்த நாட்டின் ஆதிக்குடிப் பெண் ஒருத்தி, தன் தம்பியோடு இருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் என்னோடு வேலை செய்தவள். என் மீன்குழம்பைக் கண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்பாள். சிட்னியில் எனக்கிருந்த ஒரே சிநேகிதி.

அந்த ஆவணியில் இலங்கையில் மறுபடியும் தமிழர் வீடுகளை எரித்தார்கள். என் கணவருக்கு அது புதிதல்ல. ஐம்பத்தெட்டில், கொழும்பில், அவர் வீட்டுத் தெருமுனையில் காவலுக்கு நின்ற பொலிஸ்காரர்கள் மெல்லக் கழன்றுவிட்டார்கள். பிறகுதான் கூட்டம் வந்தது. இவருடைய தகப்பனை வாசலில் வைத்தே அடித்துக் கொன்றார்கள்.

ஒரு சனிக்கிழமை நான் மரக்கறி வாங்கப் போயிருந்தேன். பக்கத்து முற்றத்தில் அவளுடைய ஆட்கள் கூடி, ஊர்வலத்துக்கென்று ஒரு படுக்கைவிரிப்பில் சிவப்புப் பெயின்றால் எழுதியிருக்கிறார்கள்: 'பொலிஸே, எங்கள் தெருவை விட்டு வெளியே போ.' இவர் மாடி ஜன்னலால் பார்த்தார். பொலிஸைப் போகச் சொன்னால் அடுத்தது வீடு எரிப்புத்தான் என்று நினைத்தார். ரெலிபோனை எடுத்துப் பொலிஸைக் கூப்பிட்டுவிட்டார்.

நான் திரும்பி வரும்போது அவளுடைய தம்பியைப் பொலிஸ் வானுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். முகமெல்லாம் இரத்தம்.

நான் வீட்டுக்குள் போய்க் கத்தினேன். சம்பள நாளில் மதுக்கடை வாசலில் பொலிஸ் காத்து நின்று அவளுடைய ஆட்களை அள்ளிக்கொண்டு போவதை நான் இவருக்கு எத்தனை தரம் சொன்னேன்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவருடைய தகப்பனை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

"பொலிஸ் போனா என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியுமப்பா," என்றார்.

பின்னேரம் என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்டேசனுக்குப் போய், தான் பிழையாக விளங்கிக்கொண்டதாகவும் அங்கே ஒரு குற்றமும் நடக்கவில்லை என்றும் மன்றாடினார். மேசையில் இருந்த பொலிஸ்காரன் இவரை 'சேர்' என்று கூப்பிட்டு, நல்ல அயலவர் என்று பாராட்டிக் கைகொடுத்தான். தம்பியை விடவில்லை. பொலிஸுக்கு அடித்ததாக வழக்கு எழுதி முடித்திருந்தார்கள். அடி வாங்கியவன் மேல் வழக்கு.

நாங்கள் வீடு திரும்பியதும் அவள் வந்து கதவைத் தட்டினாள். அழுது கண் வீங்கியிருந்தது. எங்களை எச்சரிக்கத்தான் வந்திருந்தாள். பொலிஸ் இன்னும் சுற்றித் திரிகிறது, உன் புருஷனும் கறுப்பு, அவரை வெளியே விடாதே, பயமாக இருந்தால் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்றாள்.

இவரே சொல்லிவிட்டார். கூப்பிட்டது தான் என்று, ஏன் என்று, தகப்பன் செத்த கதை வரைக்கும். அவள் கடைசிவரை கேட்டாள்.

"உன் தகப்பனை நினைக்கக் கவலையாக இருக்கிறது," என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "என் தம்பிக்கு நான் என்ன சொல்ல?"

திங்கட்கிழமை சலவைப் பகுதியில் அவள் வேறு மெஷினுக்கு மாறியிருந்தாள்.